ஒத்திசைவுப் பிரிவுக்கு ஓர் ஆள்

விருந்தாளி போதும் என்று சொன்ன பிறகும் சோறு போட்டதற்காக என்னை ஒரு வருடம் பின்தள்ளினார்கள்.

எங்கள் கல்லூரி ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் இடையில், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. ஹோட்டல் தொழில் படிப்பிக்கிற இடம். முதல் வருடம் வகுப்பு. அதில் சித்தியடைந்தால் இரண்டாம் வருடம் முழுக்கப் பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல்களில் பயிற்சி. கறுப்புக் களிசான், வெள்ளைச் சேட், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு போ. அந்த உடுப்போடு பாசிக்குடாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கல்லூரியிடம் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இருக்கவில்லை.

விருந்தோம்பல் செய்முறைப் பரீட்சையில் பரீட்சகர் பீற்றிஸ் மெடம் விருந்தாளியாக மேசையில் இருந்தார். நான் மஞ்சள் சோறு பரிமாறினேன். "போதும், நன்றி" என்றார். நான் இன்னும் ஓர் அகப்பை வைத்தேன். எங்கள் வீட்டில் போதும் என்று சொல்லாத விருந்தாளியும் கிடையாது, அதைக் காதில் வாங்குகிற வீட்டுக்காரரும் கிடையாது. மெடம் இரண்டு கையாலும் சோற்றுப் பீங்கானை மறைத்தார். அதுவும் எங்களுக்குப் பழகிய சங்கதிதான். விரல் இடுக்கால் ஒரு கோழித் துண்டை உள்ளே விட்டேன். அவர் எழும்பப் பார்த்தார். நான் கதிரையைப் பின்னாலிருந்து மெல்ல உள்ளே தள்ளி, "இருங்க மெடம், வட்டிலாப்பம் இன்னும் வரல்லயே" என்றேன்.

மற்ற எல்லாப் பாடமும் சித்தி. விருந்தோம்பலில் பெயில். என் உம்மா கைறுன்னிஸாவுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"சோறு போட்டதுக்கா மகன் பெயில் போட்டவ?"

"ஓம் உம்மா. போதும் எண்டா நிப்பாட்டணுமாம்."

"அந்தப் பொம்புள கடைசியில சாப்பிட்டாவா இல்லயா?"

"சாப்பிட்டா."

"பொறகென்ன?" என்று கேட்டுவிட்டு உம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் கூட்டாளி அன்ரோ பாஸ். அவன் மட்டக்களப்பு டவுன்காரன். முதல் நாளிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து ஒரே லன்ச் பெட்டியில் சாப்பிட்டவர்கள். அவன் பரீட்சையில், மெடம் போதும் என்று வாயெடுக்க முன்பே அகப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டான். அந்த ஆளைப் பசியோடு எழுப்பி அனுப்பியவனுக்கு விருந்தோம்பலில் விசேட சித்தி.

எனக்கு அன்ரோவில் பொறாமை. இதை மெழுகிச் சொல்ல நான் விரும்பவில்லை. அவன் பாசிக்குடாவில் போ கட்டிக்கொண்டு நிற்கிற படம் வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் வரும். அன்னாசித் துண்டு செருகிய கிளாஸோடு ஒரு படம், கடலோடு ஒரு படம், வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஒரு படம். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாமல் பார்க்கிற வழியை இதற்காகவே கற்றுக்கொண்டேன். படித்த படிப்பில் அது ஒன்றுதான் எனக்கு உடனே பிடிபட்டது.

கல்லூரியிலும் எனக்கு இருக்க இடமில்லை. கன்ரீனில் வாவிப் பக்கத்து மேசைகள், பயிற்சிக்குக் கையெழுத்து வாங்க வந்து போகிற சீனியர்மாருக்கு. சுவர்ப் பக்கம் புதுப் பிள்ளைகளுக்கு. வாவிப் பக்கம் போனால் பழைய கூட்டாளிமார் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். சுவர்ப் பக்கம் போனால் புதுப் பிள்ளைகள், "இருங்க நானா" என்று அண்ணன் முறை வைத்து எழும்பி, சாவு விழுந்த மையத்து வீட்டுக்காரருக்கு இடம் விடுகிற மாதிரி ஒதுங்குவார்கள். ஆகவே நான் கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடப் பழகினேன். அப்படியே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பணிப்பாளர் பதியுதீன் சேர் 'பின்தங்கிய மாணவர் சமூக, உணர்வு ஒத்திசைவுப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் அது கிடைத்ததாம். தனிக் கட்டடம், குளிரூட்டி, உளவளத்துணையாளர் றஜனி மிஸ், இரண்டு உதவியாளர்கள், ஒரு வேன், வேனுக்கு ஒரு சாரதி. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் பின்தங்கிய மாணவர்கள் எத்தனை பேர் என்று பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும்தான்.

ஆனாலும் திறப்பு விழாவில் குறை வைக்கவில்லை. வாசலில் பெரிய பதாகை: 'எமது பின்தங்கிய மாணவரை அன்புடன் வரவேற்கிறோம்.' பக்கத்தில் என் படம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். எனக்கு மாலை போட்டார்கள். ஒரு பெரிய சுழல் கதிரையில் இருத்தினார்கள். கல்லூரி முழுக்க வெயிலில் நின்று கை தட்டியது. பதியுதீன் சேர் பேசினார்.

"இந்தப் பிரிவு இல்லாத காலத்தில் பின்தங்கிய மாணவர்கள் என்ன செய்தார்கள்? படித்தார்கள். பாஸ் பண்ணினார்கள். போய்விட்டார்கள். அவர்களுடைய மனதுக்குள் என்ன நடந்தது என்று எங்களிடம் ஒரு புள்ளிவிபரம்கூட இல்லை. அந்த அநியாயம் இன்றோடு முடிகிறது. ஒரு மாணவன் தோற்றால் அது அவனுடைய தோல்வி. தோற்ற மாணவனை நாங்கள் கவனித்தால் அது எங்களுடைய வெற்றி. ஆகவே இன்று நம் எல்லோருக்கும் சந்தோசமான நாள்."

படங்களைக் கல்லூரியின் முகநூலில் போட்டார்கள். அதுவரை நான் பெயில் என்பது எங்கள் ஒழுங்கைக்கு மட்டும்தான் தெரியும். பின்னேரமே கட்டாரிலிருந்து வாப்பா போன் எடுத்தார். "மாலையெல்லாம் போட்டிரிக்காங்க, என்ன மகன் பாஸா?" என்று சந்தோசமாகக் கேட்டார். பதாகையைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு போனை உம்மாவிடம் கொடுத்தேன்.

மறுநாளே ஒத்திசைவு தொடங்கியது. றஜனி மிஸ் நல்ல மனுசி. குரலை உயர்த்தமாட்டார். ஆனால் அவர் கையில் ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது, அதில் உள்ளதை உள்ளபடி செய்தார். 'மாணவர்கள் வட்டமாக நிற்கவேண்டும்' என்று அதில் இருந்தது. ஓர் ஆளால் வட்டமாக நிற்க ஏலாது. ஆகவே மிஸ், உதவியாளர்கள் இருவர், சாரதி பக்கீர் நானா எல்லோரும் என்னோடு கை கோத்து நின்றார்கள்.

"இப்ப ஒவ்வொருத்தரும் உங்கட மனசில உள்ள பொறாமைய வெளிய சொல்லுங்க" என்றார் மிஸ்.

"எனக்கு அன்ரோவில மிஸ்" என்றேன்.

பக்கீர் நானா கொஞ்சம் யோசித்தார். "எனக்குப் பணிப்பாளர்ர டிரைவரில. அவன்ட காருக்கு ஏசி வேலை செய்யிது" என்றார். உதவியாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. வாவிக் கரையில் பாசிக்குடா இருக்கிற திசையைப் பார்த்து நின்று, மூச்சை இழுத்து, "அன்ரோ நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி விட வேண்டும். தினமும் காலையில் அப்படி நின்றோம். தோணியில் இறால் வலை இழுக்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எங்களைப் பார்த்து அவர்களும், "அன்ரோ நல்லா இருக்கட்டும்" என்று பதில் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்காக ஒருவரும் அப்படி ஒரு நாள் நின்றதில்லை. அதை நினைக்க இன்னும் எரிந்தது.

அந்த எரிச்சலை அளக்க நடைபாதையில் ஒரு பலகை மாட்டினார்கள். அதில் நூலில் ஏறி இறங்குகிற ஒரு சிவப்புக் காகிதச் சுடர். என்னிடம் கேட்டுக்கேட்டு மிஸ் அதை ஏற்றுவார், இறக்குவார். புதுப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகும்போது அதை ஒருமுறை பார்த்துவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பார்கள்.

இதற்குள் பரிமாறல் வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. ஒத்திசைவும் பரிமாறலும் ஒரே நேரத்தில். ஆகவே வீட்டில் உம்மாவை விருந்தாளியாக இருத்திப் பழகினேன். உம்மா போதும் என்றவுடன் நான் நிறுத்தினேன்.

"என்ன, அதுக்குள்ள நிப்பாட்டிட்டாய்?" என்று உம்மா பீங்கானைத் தள்ளினார். "பெத்தவளுக்கே அளந்து போடுறியா?"

பிறகு அவரைச் சமாதானப்படுத்த மூன்று அகப்பை போட வேண்டியிருந்தது. அப்படிப் படிப்பு நடந்தது.

மழைக்காலம் வந்தபோது எனக்கு எரிச்சல் தானாகக் குறைந்துவிட்டது. அன்ரோவின் ஸ்ரேற்றஸ் வருவது நின்றது ஒரு காரணம். சுவர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் ஒருத்தி, ஸுஹைனா என்று பெயர், "நானா, இந்தச் சேவியெற் எப்படி மடிக்கிற?" என்று கைதுடைக்கிற மேசைத் துணியை நீட்டி ஒரு நாள் கேட்டாள். காட்டிக் கொடுத்தேன். அவர்கள் நகர்ந்து எனக்குக் கதிரை போட்டார்கள். அதற்குப் பிறகு நான் இருந்தே சாப்பிட்டேன். மிஸ் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன்.

"கொறஞ்சிரிக்கு மிஸ். இப்ப பெரிசா ஒண்டும் எரியல்ல."

மிஸ்ஸின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு அவர் பலகையைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், வெளியே நின்ற வேனைப் பார்த்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்க இஷாம்" என்றார். நான் வடிவாக யோசித்து அதையேதான் சொன்னேன்.

அன்றே அவசரக் கூட்டம். என்னையும் கூப்பிட்டு ஒரு மூலையில் இருத்தினார்கள். பதியுதீன் சேர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிப் பேசினார்.

"பொறாமை குறைந்தது நல்ல விசயம். ஆனால் குறைந்துகொண்டே போனால் நாங்கள் எதை ஒத்திசைய வைப்பது? ஒத்திசைவு இல்லையென்றால் பிரிவு எதற்கு, பிரிவு இல்லையென்றால் வேன் எதற்கு என்று கேட்பார்கள். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களுக்கு நாங்கள் எதைக் காட்டுவது, சந்தோசமாக இருக்கிற ஒரு பொடியனையா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

முடிவு இதுதான்: எரிச்சல் குறையும்போதெல்லாம் பாசிக்குடாவுக்கு வேன் போகும், அன்ரோவை உடுப்போடு ஏற்றிக்கொண்டு வரும், அவனை எனக்கு முன்னால் இருத்துவார்கள்.

முதல் தடவை அன்ரோ வந்தபோது நான் நன்றாக எரிந்தேன். போ நேராக இருந்தது, சப்பாத்து மினுங்கியது, நெஞ்சில் பெயர்த் தகடு. மிஸ் பலகைக்கு ஓடினார். அன்று மத்தியானம் ஒத்திசைவுப் பிரிவில் புரியாணி. நான் என் பாதியைத் தின்றுவிட்டு நிமிர்ந்தபோது அன்ரோ பெட்டியை வழித்துக்கொண்டிருந்தான். கிட்டப் பார்த்தால் அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் சவர்க்காரத்தில் வெடித்திருந்தது.

"நீ ராசா மாதிரி இருந்து சாப்பிடுறாய் மச்சான்" என்றான் மெல்ல. "நான் விடிய எழும்பி மற்றாக்கள் திண்ட பீங்கான் கழுவுறன். சாப்பாட்டுப் பக்கமே விடல்ல. அந்தப் படமெல்லாம் முதல் நாள் எடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாப் போட்டன்."

"எண்டாலும் நீ பாசிக்குடாவில" என்றேன்.

"எண்டாலும் நீ கதிரையில" என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்தோம். மிஸ் அதைப் படம் எடுத்தார்.

அதன் பிறகு வேன் அடிக்கடி போனது. கொழும்பு ஆட்கள் வந்த நாளிலும் போனது. பதியுதீன் சேர் அன்ரோவை வலப்பக்கமும் என்னை இடப்பக்கமும் நிறுத்தி, "இவர் காரணம், இவர் விளைவு" என்று அறிமுகப்படுத்தினார். வந்தவர்களில் ஒருவர் என்னிடம் எங்கே எரிகிறது என்று கேட்டார். வயிற்றில் என்றேன். நெஞ்சில் இல்லையா என்று திரும்பக் கேட்டார். அவருக்கு நெஞ்சுதான் வேண்டும்போல இருந்தது, சரி என்று நெஞ்சையும் காட்டினேன். "செத்துக் கிடந்த ஓர் உணர்வை நாங்கள் இந்த மாணவனுக்குள் மறுபடி உயிர்ப்பித்திருக்கிறோம்" என்றார் சேர். கொழும்பு ஆட்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு இன்னொரு வருடத்துக்குத் திட்டத்தை நீட்டித்தார்கள்.

மறு பரீட்சை வந்தது. ஒத்திசைவில் இருக்கிறவர் பரீட்சைக்குப் போகப் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். போய் நின்றேன்.

"ஏன் தம்பி இவ்வளவு அவசரம்?" என்றார் பதியுதீன் சேர். "பாஸ் பண்ணினாக்கள் எங்களிட்ட எத்தினயோ பேர் இரிக்காங்க. பின்தங்கின ஆள் எண்டு இரிக்கிறது நீங்க ஒராள்தான். யோசிச்சுப் பாருங்க."

"பாசிக்குடாவுக்குப் போகணும் சேர்" என்றேன். வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பெருமூச்சு விட்டு அனுமதித்தார்.

பீற்றிஸ் மெடம் மறுபடி மேசையில் இருந்தார். இந்தத் தடவை கதிரையை மேசையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார். போதும் என்றார். அகப்பையில் இன்னும் சோறு இருந்தது. பீங்கானில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். பாஸ். வாழ்க்கையில் நான் செய்த மரியாதை கெட்ட காரியம் அதுதான், அதற்கு நல்ல புள்ளி போட்டார்கள்.

போ கட்டிக்கொண்டு பாசிக்குடா ஹோட்டலில் இறங்கிய அன்று அன்ரோ வாசலில் பையோடு நின்றான். அவன் வருடத்தை முடித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்து எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"முடிஞ்சுதா மச்சான்?"

"முடிக்க விடல்ல. வரவு காணாதாம். திரும்ப முதல் வருசத்துக்குப் போகட்டாம்."

எந்த வரவு என்று கேட்க வாயெடுத்தபோது எனக்கே விளங்கிவிட்டது. என்னை எரிய வைக்க வேனில் வந்த நாட்களையெல்லாம் ஹோட்டலில் வராத நாட்களாகப் போட்டிருந்தார்கள்.

"சேரிட்டப் போய்க் கேட்டியா?"

கேட்டிருந்தான். அழைத்தது ஒத்திசைவுப் பிரிவு, லீவு தர வேண்டியது பயிற்சிப் பிரிவு, ஒரு பிரிவின் வேலையில் இன்னொரு பிரிவு தலையிடுவது எங்கள் கல்லூரியின் பண்பாடல்ல என்று சேர் சொன்னாராம். இரண்டு பிரிவுக்கும் பணிப்பாளர் அவர்தான்.

அன்ரோ செங்கலடிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினான். நான் உள்ளே போய்ப் பீங்கான் கழுவத் தொடங்கினேன்.

அடுத்த நாளே கல்லூரி முகநூலில் படம் வந்தது. பதாகை, குத்துவிளக்கு, மாலை. என் சுழல் கதிரையில் அன்ரோ. மாலை என்னுடையதைவிடத் தடிப்பு. முன்னால் புரியாணிப் பெட்டி திறந்திருந்தது, முழுக் கோழிக்கால் ஒன்று வெளியே தெரிந்தது. எனக்கு ஒரு நாளும் கால் வந்ததில்லை, எப்போதும் கழுத்துத்தான். சவர்க்கார நுரையில் கையை வைத்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து எரிந்தேன். அவனுடைய ஒரு வருடம் என்னால் போயிற்று என்பது தெரியும். தெரிந்தும் எரிந்தது.

கொஞ்ச நாளில் றஜனி மிஸ் போன் எடுத்தார்.

"எப்படி இஷாம், சுகமா? அன்ரோ நல்லா ஒத்துழைக்கிறார். அவருக்கு முன்னால இருத்த ஒராள் தேவைப்படுது. புதன்கிழமை வேன் வரும். உடுப்ப அயன் பண்ணிப் போட்டுட்டு நில்லுங்க."

"லீவு தருவாங்களா மிஸ்?"

"அது பயிற்சிப் பிரிவு" என்றார். அவர் குரலில் கவலை இருந்தது, பொய்யில்லை. "சேர் உங்களத்தான் கேட்டவர். நான் என்ன செய்ய?"

போகமாட்டேன் என்று சொல்ல ஏலாது. என் பயிற்சிக்குக் கையெழுத்து வைக்கிறவரும் சேர்தான். போனால் அன்ரோவுக்கு நடந்ததுதான் எனக்கும் நடக்கும். திரும்ப அந்தக் கதிரை, திரும்ப மாலை, திரும்ப வாப்பாவின் போன். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பீங்கான் கழுவியபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உடுப்பை அயன் பண்ணவும் இல்லை, பண்ணாமல் விடத் துணிவும் இல்லை.

பின்னேரம் அன்ரோ போன் எடுத்தான்.

"நாளைக்கு நீ வராத மச்சான்."

"வேன் வருதாமே."

"வராது. நான் மிஸ்ஸிட்டச் சொல்லிப்போட்டன், அவனப் பாக்காமலே எனக்கு நல்லா எரியுது, ஆளக் கூட்டி வரத் தேவையில்ல எண்டு. ஒவ்வொரு நாளும் காலையில போய்ப் பலகையில நானே அந்தச் சுடர உச்சியில வெச்சிட்டு வாறன். சேருக்கும் சந்தோசம், மிஸ்ஸுக்கும் சந்தோசம். நீ இருந்து உன்ட வருசத்த முடி."

"உனக்கு உண்மையா எரியுதா அன்ரோ?"

"எரியுதுதான்" என்றான். "அதுக்கென்ன?"

போனை வைத்துவிட்டேன். குறைந்துவிட்டது, குறைந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வேனும் பாசிக்குடாவுக்கு வந்திராது. இந்த யோசனை எனக்கு வராமல் அவனுக்கு வந்ததே என்று, பீங்கான் கழுவுகிற சுடுதண்ணீர் ஆறும்வரை அன்ரோவில் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.